ஜீப்புக்கு ஒன்று, காருக்கு ஒன்று

1987-இல் அப்பா ஜீப் வாங்கினார். எங்கள் மலை ஊரான நாகலூரிலிருந்து காப்பி மூட்டைகளையும், அவசரத்துக்குப் பிரசவ வலி கண்டவர்களையும் இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுபோன வண்டி அது. பைனான்ஸ் 60,000. "ரூபாய் வட்டிதானே" என்று கையெழுத்துப் போட்டார்; அதாவது நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 விழுக்காடு. மூன்று வருஷத்துக்கு வட்டி 21,600. அதையும் அசலோடு சேர்த்து 36-ஆல் வகுத்து, மாதம் 2,267 ரூபாய் டியூ. கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி முழு 60,000-க்குத்தான். குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் அந்த 12 விழுக்காடு 21-ஐத் தாண்டும். அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அன்று விளைந்த காப்பி எல்லாம் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பான பூலுக்குத்தான் போகும். கொட்டையைக் கொடுத்துவிட்டால் பணம் தவணை தவணையாகத்தான் வரும், டியூ காத்திருக்காது. பதினெட்டாம் மாதம் அம்மாவின் சங்கிலியைப் பேங்கில் வைத்து, குறைந்த வட்டிக்கு நகைக்கடன் வாங்கி, ஜீப் கடனை அடைக்கப் போனார். நானும் கூடப் போனேன். பைனான்ஸ்காரர் பேரேட்டைத் திருப்பி, சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். மிச்சமிருந்த பதினெட்டு டியூவும் அப்படியே கட்ட வேண்டும், வட்டியில் ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லை. அப்பா எண்ணி வைத்துவிட்டு, ஆர்.சி. புத்தகத்தையும் அவர்கள் வைத்திருந்த இரண்டாவது சாவியையும் வாங்கிக்கொண்டார். கடன் இடம் மாறியது, குறையவில்லை. மேலே ஏறும்போது ஒரு வளைவிலும் அவர் பேசவில்லை.

போன மாதம் என் கார் கடனை மாற்றினேன். பாக்கி 4 லட்சம், 14 விழுக்காடு, 36 மாதம், டியூ 13,671. இன்னொரு பேங்கில் 10 விழுக்காடு. "அறுபது மாசமா மாத்திக்கங்க சார், டியூ 8,499தான்" என்றது போனில் ஒரு குரல். ஐந்தாயிரம் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? காகிதத்தில் பெருக்கினேன். பழைய கடனை அப்படியே கட்டினால் 4,92,000. அறுபது மாதத்துக்கு 5,10,000! வட்டி குறைந்தும் பதினெட்டாயிரம் கூடுதல். அதே 36 மாதம் வைத்தால் டியூ 12,907, மொத்தம் 4,65,000. பழையது நிலையான வட்டிக் கடன். அதை முன்கூட்டி அடைக்கும் கட்டணமும் புதியதின் பிராசசிங் கட்டணமும் போகத்தான் லாபம். (2026 ஜனவரி 1 முதல் தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கும் மாறும் வட்டிக் கடனுக்கு அடைப்புக் கட்டணம் கூடாதென்பது ரிசர்வ் வங்கி விதி. எது உங்களுடையது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

இன்று கணக்கை ஒளிக்க முடியாது. எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருட வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் கொடுத்தே ஆக வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து அது கட்டாயம். அந்த ஒரு தாள் அப்பாவுக்குக் கிடைத்திருந்தால் சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருந்திருக்கும்.

பழைய பேங்கின் என்.ஓ.சி.யும் 35-ஆம் எண் படிவமும் வாங்கி, ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயரை (ஹெச்.பி.) மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்துவிட்டு வீடு வந்தேன். அம்மா களத்தில் காப்பிப் பழம் கிளறிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மாசம் கண்ணு?"

டியூ எவ்வளவென்று அவர் கேட்கவில்லை.

"முப்பத்தாறுதாம்மா. கூட்டலை."

தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரிசையைக் கிளறப் போனார்.