பேட்டரிக்கு என்ன வயசு?

கே: போன், டேப்லட், லேப்டாப், கிண்டில் நாலும் வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகும்போது எதை எடுத்துக்கொள்வது? – மதுரை வாசகர்

ப: நாலையும் எடுத்துப் போய், போனை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற மூன்றின் சார்ஜரைச் சுமந்து திரும்புகிறவர் நீங்கள். நானும் அதே ஜாதிதான். 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடைக் காட்டியபோது, போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது என்றார். அன்றைய ஐபோன் திரை 3.5 அங்குலம், சொன்னது நியாயம். இன்று சாதாரண போனே ஆறரை அங்குலம். பட்டா டேப்லட் பேரில் இருக்கிறது, குடியிருப்பது போன். நாலு பக்கத்துக்கு மேல் டைப் அடிக்கிறவர் லேப்டாப்பை எடுங்கள். படிக்கிறவர் கிண்டிலை எடுங்கள். அதன் ஈ-இங்க் திரை பக்கம் திருப்பும்போதுதான் கரன்ட் இழுக்கும், விளக்கைக் குறைத்து வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். டேப்லட் வீட்டிலேயே இருக்கட்டும்.

கே: பேரனுக்கு டேப்லட் வாங்க நினைக்கிறேன். பேட்டரியை மாற்றவே முடியாது என்று பயமுறுத்துகிறார்களே? – கும்பகோணம் வாசகி

ப: உங்களால் முடியாது அம்மா, முடிகிறவர்கள் இருக்கிறார்கள். என் கதையைக் கேளுங்கள். ஒரு டேப்லட்டை இரண்டு வருஷம் பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி திரை ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரிக்கு இந்தக் குணம் உண்டு: உழைத்தாலும் வயசாகும், சும்மா கிடந்தாலும் வயசாகும். முழு சார்ஜோடு புழுக்கத்தில் கிடந்தால் சீக்கிரமே ஆகும். நாலு கருவி வாங்கினவர் வீட்டில் நாலு பேட்டரியும் சேர்ந்தே கிழமாகின்றன.

சென்னை ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைப் பையன் அதைச் சூட்டுத் தட்டில் படுக்க வைத்தான். பசை இளகியதும், கிடார் வாசிக்கிற வில்லை போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டை ஓரத்தில் நுழைத்து, பலாச்சுளை எடுக்கிற பக்குவத்தில் சுற்றி வந்தான். நடுவில் நிமிர்ந்து, “டிஸ்ப்ளே போனா நாங்க பொறுப்பில்ல சார்” என்றான். பேட்டரி விலையைவிட அந்த ஒரு வரிக்குத்தான் எனக்கு வியர்த்தது.

பழைய நோக்கியா 1100 கீழே விழுந்தால் மூடி, பேட்டரி, போன் என்று மூன்றாகப் பிரியும். பொறுக்கி மாட்டினால் மணி அடிக்கும். அந்த பிஎல்-5சி பேட்டரி நல்லதா என்று பார்க்கக் கடைக்காரர் அதைக் கண்ணாடி மேசையில் வைத்துச் சுண்டுவார். பம்பரமாகச் சுற்றினால் உப்பிவிட்டது என்று அர்த்தம். அந்த ஜோசியத்துக்கெல்லாம் இப்போது வழியில்லை. மெலிசாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக்கூடாது என்று கம்பெனிகள் காரணம் சொல்கின்றன. பொய்யில்லை. ஆனால் திருகாணி போட வேண்டிய இடத்தில் பசை போட்டதற்கு அது போதாது என்பது என் கட்சி.

வாங்குமுன் கடையில் ஒன்று கேளுங்கள்: “வாரன்டி முடிந்தபிறகு பேட்டரி மாற்ற எவ்வளவு?” பதில் வராத கடையில் கவர் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

கே: பேட்டரியைப் பசை போட்டு மூடுவதைத் தடுக்கச் சட்டம் கிடையாதா? – திருச்சி வாசகர்

ப: ஐரோப்பிய ஒன்றியத்தில் உண்டு. 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று 2023இல் விதி போட்டார்கள். ஆயிரம் முறை சார்ஜ் ஏற்றிய பின்னும் 80 சதவீதம் தாங்கி, தண்ணீரும் புகாத போனுக்கு ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். நம் நாட்டின் 2022 பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் கட்டுகின்றன. அங்கே வைத்தியம், இங்கே காரியம்.

கே: 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை ஏற்ற மாட்டேன் என்கிறதே, ஏமாற்றா? – சேலம் வாசகர்

ப: இல்லை, பால் காய்ச்சினால் சுண்டுகிற மாதிரி. அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கணக்கு; வெளியே வரும்போது 5 வோல்ட் ஆகிறது. அப்படி மாற்றும்போது கொஞ்சம் சூடாகப் போகிறது. ஒன்றரைத் தடவை ஏறினால் நல்ல சரக்கு. விமானத்தில் போனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

கே: ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டால் போன் வெடிக்குமா? – நாகர்கோவில் வாசகி

ப: நிரம்பியதும் அதுவே நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள்.

கே: கழற்றி மாட்டுகிற பேட்டரியோடு இப்போது போனே வருவதில்லையா? – தேனி வாசகர்

ப: பட்டன் போன்களில் வருகிறது. என் அப்பா அதுதான் வைத்திருக்கிறார். மூன்றாவது பேட்டரி ஓடுகிறது. நான் அதே காலத்தில் மாற்றியது நாலு போன்.

பீரோவில் பழைய டேப்லட் வைத்திருக்கும் எல்லோருக்கும்: இன்றைக்கே எடுத்து மேசைமேல் படுக்க வையுங்கள். ஆடினால் சார்ஜில் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.