மந்திரம் வாங்கிய பிறகும்...

கே: பேராசையால் விழுந்து, பிறகு திருந்தும் மனிதனைப் பற்றி நல்ல நாவல் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், ஜீயபுரம்

ப: அச்சில்தான் வேண்டுமென்றால் ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. ஆனால் உங்களுக்கு பஸ் தூரத்தில் அதைவிடப் பெரிய கதை கல்லிலேயே நிற்கிறதே! குமுதவல்லியைக் கைப்பிடிக்க தினம் 1008 பேருக்குச் சோறு போட்டு, கஜானா காலியாகி, கப்பம் கட்டாமல் சிறைக்குப் போய், வழிப்பறியில் இறங்கியவர் திருமங்கை மன்னன். பெருமாளையே மறித்து, கால் மெட்டியைப் பல்லால் கடித்து இழுத்தபோதுதான் மந்திரம் கிடைத்தது. சரி, திருந்தினாரா? அதன் பிறகுதான் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கிளப்பி வந்து ஸ்ரீரங்கத்து மதிலைக் கட்டினார் என்கிறது குருபரம்பரைக் கதை. நாவலாக எழுதினால் ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். பெருமாளை மறித்த அந்த வழிப்பறியை ஸ்ரீரங்கம் கோயிலில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்: வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில், இராப்பத்து எட்டாம் நாள் வேடுபறி. சீக்கிரமே கிளம்புங்கள், அது நடக்கும் கோயில் மணல்வெளியில் நிற்க இடம் கிடைக்காது.