பூட்டிறுக்க மீமாம்சை

பேனாக்கத்தியின் பூட்டு இறுகிப்போதல் என்னும் பொருள் குறித்துத் தமிழில் இதற்குமுன் நூல் உண்டா என்று நான் தேடவில்லை. தேடினால் முன்னோடி என்ற பெயர் போய்விடும்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. பேனாக்கத்தியில் பேனா இல்லை. இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சிறு கத்திக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. இறகு போயிற்று, பெயர் நின்றது. நம்மிடம் வந்தபின் அது சீவியதெல்லாம் பென்சிலும் மாங்காயும்தான். பென்சில் பின்னர் மீண்டும் வரும், நினைவிற் கொள்க.

இனிப் பூட்டின் இலக்கணம். என் கத்தியில் இருப்பது லைனர் லாக் வகை. கைப்பிடியின் உட்புறம் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று ஸ்பிரிங்காக வளைந்து காத்திருக்கும். அலகை முழுக்க விரித்ததும் 'டக்'கென்று அலகின் அடிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். மடக்க வேண்டுமாயின் அத்தகட்டைக் கட்டைவிரலால் ஓரம் தள்ள வேண்டும். தள்ளும் விரலோ அலகு இறங்கும் வழியிலேயே இருக்கிறது. ஆதலின் இறுகிய பூட்டோடு மல்லுக்கட்டுதல் தகாது என்க.

பிறநாட்டு வழக்கும் காண்போம். பிரான்சின் சவாய் மலைநாட்டில் 1890-இல் பிறந்த ஒபினெல் கத்திக்கு அறுபத்தைந்து ஆண்டுகள் பூட்டே கிடையாது. 1955-இல்தான் மார்செல் ஒபினெல் அதன் கழுத்தில் சுழலும் வளையம் ஒன்றை மாட்டினார். ஈரத்தில் மரப்பிடி ஊதி, அலகு வெளியே வர மறுத்தால், பிடியின் அடிப்பக்கத்தை மேசையில் ஒரு தட்டு தட்டுவது அந்நாட்டார் வழக்கம், அலகு தலைநீட்டும். அதற்குச் 'சவாய்க்காரர் தட்டு' என்றே பெயர். பழைய வால்வு ரேடியோவுக்கு நாம் செய்த வைத்தியமும் இவ்வகையினதே. என் கத்தியில் மரமும் இல்லை, சிக்கல் விரிப்பதிலும் இல்லை. இருந்தும் தட்டினேன். மேசைமேல் இருந்த காப்பி கவிழ்ந்தது. ஒப்பியல் ஆய்வு அத்துடன் நிறைவுற்றது.

இறுக்கத்தின் காரணம் யாதெனின், பலாப்பழம். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவாமல் பலாவில் கைவைக்கலாகாது என்பது குழந்தைக்கும் தெரியும், எனக்கு மறந்துவிட்டது. பாதி அறுக்குமுன் பால் உள்ளே இறங்கித் தகட்டையும் அலகையும் ஒட்டிவிட்டது.

இவ்விடத்து மூன்று மதங்கள் தோன்றின. தேங்காயெண்ணெய் விடு என்பது அம்மாவின் மதம். "கொஞ்சம் ராவிட்டா சரியாயிடும் மாமா" என்று அரத்தோடு வந்தது மைத்துனன் மதம். பென்சிலால் தேய் என்பது மகளின் மதம். மைத்துனன் கூற்று முதலிலேயே மறுக்கப்படும். தகடு அலகைத் தாங்கும் முகம் மயிரிழை தேய்ந்தாலும் பிடிப்புப் போய்விடும். இறுகிய பூட்டு விரலை வலிக்கச் செய்யும், பிடிக்காத பூட்டோ விரலையே கேட்கும்.

அம்மாவின் மதம் பாதி ஏற்கத்தக்கது. பலாப்பால் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும். ஆனால் இளக்கிய எண்ணெயை உள்ளேயே விட்டுவைத்தல் குற்றம். அது தூசியைச் சேர்த்துப் பிசினாகும். தேங்காயெண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழே உறையவும் உறையும். சென்ற ஆண்டு இதே கத்தியை இவ்வாறு குளிப்பாட்டி ஊட்டிக்குக் கொண்டுபோனவன் நான். டிசம்பர் காலையில் கத்தியும் நானும் ஒருங்கே விறைத்திருந்தோம்.

ஆகவே சித்தாந்தம் வருமாறு. தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் பாலை எடுத்தேன். சோப்புநீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து வெயிலில் வைத்தேன். ஈரம் தங்கினால் துரு, துருவோ தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். பிறகு அலகு சுழலும் ஆணிக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தகடு அலகில் முட்டும் முகத்துக்கு எண்ணெய் ஆகாது. வழுக்கிவிட்டால் பூட்டு பூட்டாக இராது. அங்கே மகளின் பென்சில், அதுவும் 2பி. எச் வகையில் களிமண் மிகுதி, கிராஃபைட் குறைவு. லேசாக ஒரு கோடு, அவ்வளவே.

'டக்'. கட்டைவிரல் தொட்டதும் தகடு நகர்ந்தது. மறுபடி விரித்தேன், மறுபடி மடக்கினேன். முடிவுகளை மூன்று முறையாவது சரிபார்ப்பது ஆய்வு மரபு. நான் நாற்பது முறை சரிபார்த்தேன்.

பிறகு பலாவை நினைத்துக் கூடத்துக்குப் போனேன். அம்மா முந்தின நாளே அரிவாள்மணையில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, முழுப்பழத்தையும் சுளை சுளையாக எடுத்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாகிவிட்டதாம். எனக்கு நான்கு சுளையும், வறுப்பதற்குக் கொட்டைகளும் எடுத்துவைத்திருந்தார்.