கம்பி கட்டும் கதை

கேள்வி: ஆர்.ஓ. மெஷின் விற்க வந்த தம்பி, எங்கள் போர் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் இரண்டு டம்ளரில் ஊற்றி, கம்பி விட்டு, பிளக்கைச் சொருகினார். எங்கள் தண்ணீர் பழுப்புச் சேறாகிவிட்டது. அவருடையது பளிச்சென்று இருந்தது. அன்றிலிருந்து மாமியார் கேன் தண்ணீர்தான் கேட்கிறார். இத்தனை நாள் இதையா குடித்தோம்?
- வாசகி, அண்ணனூர்

பதில்: இல்லை அம்மா. மாமியாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள்: அந்தச் சேறு உங்கள் போரிலிருந்து வரவில்லை, அவருடைய கம்பியிலிருந்து வந்தது. கரண்ட் பாய்ந்ததும் இரும்புக் கம்பி அரிபட்டு, துருவாகத் தண்ணீரில் திரள்கிறது.

ஆர்.ஓ. தண்ணீரில் ஏன் திரளவில்லை? அதில் உப்பு குறைவு; கரண்டைச் சுமக்க அங்கே போதிய ஆள் இல்லை. உப்பு கரையும்போது நேர், எதிர் மின்னேற்றம் கொண்ட அயனிகளாகப் பிரிகிறது. தண்ணீருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோவது அவைதாம். 1884-இல் ஸ்வீடனின் அரீனியஸ் இதை ஆய்வேடாக எழுதியபோது, பேராசிரியர்கள் ஒப்புக்குத்தான் பாஸ் போட்டார்கள். அதே கருத்துக்கு 1903-இல் நோபல் பரிசு! மிகத் தூய நீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ். கடல்நீருக்குச் சுமார் 50,000.

மறுபடி யாராவது கம்பியோடு வந்தால், அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். நீங்கள் மட்டும் கை வைக்காதீர்கள், அது வீட்டு மின்சாரம்.

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?
- வாசகர், ஆவடி

பதில்: கூடாது. ஆர்.ஓ.விலும் கொஞ்சம் உப்பு தங்கும். தண்ணீர் குறையக் குறைய நீங்கள் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள்; உப்பு உள்ளேயே சேர்ந்து தகடுகளைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர்தான்.

கேள்வி: டி.டி.எஸ். மீட்டர் 180 காட்டுகிறது. இனி கவலை இல்லையே?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: உப்பைப் பொறுத்தவரை இல்லை. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை. ஆனால் மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. கரண்ட் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, ஓர் எண்ணால் பெருக்கி, உத்தேசமாகச் சொல்கிறது. சர்க்கரையைக் கரைத்தால்கூட அதற்குத் தெரியாது. கிருமி எங்கே தெரியப்போகிறது? கிண்டி கிங் நிலையத்திலும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களிலும் தண்ணீரைச் சோதித்துத் தருகிறார்கள். ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். கிருமிச் சோதனைக்கான பாட்டிலை மட்டும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.