கல்லாவில் ஏறாத ஆசைகள்

1980களின் நடுப்பகுதியில், லண்டனுக்கு வந்த புதிதில், ஓர் இசைத்தட்டுக் கடையில் சனிக்கிழமைகளில் வேலை பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஓர் அலமாரி. அதில் 1 முதல் 40 வரை எண் போட்ட அறைகள், அறைக்கொரு பாட்டாக ஏழு அங்குல சிங்கிள்கள். ஒன்று விற்றால் அதன் உறையின் மூலையில் உள்ள எண்ணைப் பார்த்து, கேலப் நிறுவனம் தந்த சிறிய கருவியில் தட்ட வேண்டும். இரவில் அந்தக் கருவி தொலைபேசி வழியே கணக்கை ஒப்புவித்துவிடும். இப்படித் தெரிந்தெடுத்த கடைகளில் சேர்ந்த கணக்குத்தான் ஞாயிறு மாலை பிபிசி ரேடியோ 1இல் 'டாப் 40' ஆக ஒலிக்கும். நான் தட்டிய எண்ணும் அதில் இருக்கிறது என்ற பெருமையோடு வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பட்டியலிலிருந்து இறங்கிய பாட்டுக்கு அலமாரியில் இடமில்லை. விலையைக் குறைத்து வாசலோரப் பெட்டியில் போடுவோம். தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஒருமுறை வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, தன் கல்யாணத்தன்று ஆடிய பாட்டைத் தேடி வந்தார். பெயர், பாடியவர், கம்பெனி எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். எங்களிடம் இல்லை, மொத்த வியாபாரியிடமும் இல்லை. வெறுங்கையோடு போனார். அவருடைய ஆசை அந்தக் கருவியில் ஏறவில்லை.

பழைய பாட்டு பட்டியலுக்குள் வரக் கூடாதென்று அன்று யாரும் சொல்லவில்லை. தட்டு கடையில் இருந்தால் போதும். ஜாக்கி வில்சன் 1957இல் பாடிய 'ரீட் பெட்டீட்' மறுபடி வெளியானபோது 1986 கிறிஸ்மஸுக்கு முதலிடம் பிடித்தது. பாடியவர் இறந்து அப்போது மூன்றாம் ஆண்டு. சில வாரங்களில் பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ' ஒரு திரைப்படத்தாலும் லீவைஸ் விளம்பரத்தாலும் முதலிடத்துக்கு வந்தது. அது 1961இல் வந்த பாட்டு. யாரும் புருவம் உயர்த்தவில்லை. அலமாரிக்குத் திரும்பியது, விற்றது, எண்ணினோம்.

இன்று அலமாரியே இல்லை. அந்தப் பெண்மணி தேடிய பாட்டும், நேற்றிரவு வெளியான பாட்டும் ஒரே தொலைபேசியில், ஒரே விரல்தட்டலில் கிடைக்கின்றன. யார் எதைக் கேட்கிறார்கள் என்பதும் துல்லியமாகத் தெரிகிறது. இப்படி எல்லாம் தெரியவந்த பிறகுதான் பிரிட்டனில் பழைய பாட்டுக்குத் தடுப்புச் சுவர் எழுந்திருக்கிறது. அமெரிக்க பில்போர்டு, இருபது வாரம் கடந்து ஐம்பதாம் இடத்துக்குக் கீழே இறங்கிய பாட்டை நெடுங்காலமாகப் பட்டியலிலிருந்தே நீக்கிவந்தது. பிரிட்டனில் நீக்குவதில்லை, எடையைக் குறைக்கிறார்கள். பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டியவர்கள் புதுப் பாட்டை நூறு தடவை கேட்டால் ஒரு விற்பனைக்குச் சமம். பழையதென்றால் இருநூறு தடவை கேட்க வேண்டும்.

இந்த விதி வந்த கதையே எனக்கு உறுத்துகிறது. 2017 மார்ச்சில் எட் ஷீரனின் புது ஆல்பப் பாடல்கள் முதல் 20 இடங்களில் 16ஐப் பிடித்துக்கொண்டன. அந்த நெரிசலுக்குப் பிறகு, அதே ஆண்டில், ஒரு கலைஞருக்கு மூன்று பாட்டுக்கு மேல் இல்லை என்றார்கள். கூடவே இந்தப் பாதிக்கணக்கும் வந்தது. நெருக்கியடித்தது புதுப் பாட்டு. தண்டம் பழையதற்கும் சேர்த்து.

கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்' 1985இல் வந்தபோது எங்கள் கடையில் நன்றாக விற்றது. மூன்றாம் இடம் வரை போனது. 2022இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அது ஒலித்ததும், அது வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பாதிக்கணக்கு அதை இழுத்துப் பிடித்தது. கடைசியில் பட்டியல் போடும் நிறுவனம் அந்த ஒரு பாட்டுக்கு விலக்குக் கொடுத்து முழுக்கணக்காக எண்ணியது. ஜூன் 17 அன்று, 37 ஆண்டுகள் கழித்து, முதலிடம்.

"புதுப் பிள்ளையளுக்கு இடம் வேண்டாமோ, அப்பா?" என்று என் மகள் கேட்கிறாள். அவளுடைய சிநேகிதிகள் சிலர் பாட்டெழுதிப் பாடி வெளியிடுகிறார்கள். டிசம்பர் வந்தால் பட்டியல் முழுக்கக் கிறிஸ்மஸ் பாட்டு, நாங்கள் எங்கே போவது என்பது அவர்களுடைய கவலை. நியாயமான கவலை. வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' 1984இல் பேண்ட் எய்டின் பாட்டுக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. 2021 ஜனவரி 1 பட்டியலில்தான் முதன்முதலாக முதலிடம் ஏறியது. பாடிய ஜோர்ஜ் மைக்கல் அதைப் பார்க்க இல்லை. 2016 கிறிஸ்மஸ் நாளிலேயே போய்விட்டார். அந்தப் பாட்டு ஒவ்வொரு டிசம்பரும் திரும்பி வருவதால் ஒரு புதுக்குரல் நாற்பதாம் இடத்துக்கு வெளியே தள்ளப்படுகிறது என்பது உண்மை.

அதற்கு மகளிடம் நான் சொல்வது இதுதான்: புதுப் பாட்டுகளுக்கென்று தனிப் பட்டியல் போடட்டும். வானொலி அதற்கு நல்ல நேரத்தைக் கொடுக்கட்டும், கடைசி இருபது நிமிடத்தை அல்ல. உன் சிநேகிதிகளின் பெயரை நாடு முழுக்க வாசிக்கட்டும். நானும் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் இந்த வாரம் இந்த நாடு எதைக் கேட்டது என்று சொல்ல வரும் பட்டியலில், ஒரு கிழவி கேட்ட பாட்டுக்கு அரை மதிப்பும் அவள் பேத்தி கேட்ட பாட்டுக்கு முழு மதிப்பும் போடக் கூடாது. உலகமே பார்த்த ஒரு தொடர் வந்ததால் கேட் புஷ்ஷுக்கு விலக்குக் கிடைத்தது. தொடர் எதுவும் கைகொடுக்காமல், வாரம் தவறாமல் வீடுகளில் கேட்கப்படும் மற்றப் பழைய பாட்டுகளுக்காக யார் போய் மனுக் கொடுப்பது?