வெயிலுக்கும் ஒரு வேலை குடு, மருமவனே!

ஏலே மருமவனே, ஆஸ்பத்திரி கட்டுதியாமே! சந்தோசம். நாலு மாடி, மேக்க பாத்து முழுக்கக் கண்ணாடி. சாயங்காலம் உள்ள போய் நின்னு பாத்தேன். சீக்காளிக்கு நோய் இறங்குதோ இல்லையோ, வேர்த்தே பாதி எடை இறங்கிரும். அதுக்காக மாடிக்கு மாடி ஏ.சி. மாட்டப் போறேன்னு உன் மேஸ்திரி சொன்னான். வெயிலை வெத்தல பாக்கு வச்சு உள்ள கூப்பிடுதே, பெறகு கரண்டுக்குக் காசு கட்டி வெளிய விரட்டுதே. படிச்ச பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்!

நான் சொல்லுததைக் கேளு. வெயிலை விரட்டாதே, வேலைக்கு வை. அதே வெயில்தான் உன் கட்டடத்தைக் குளிர வைக்கும். சிரிக்கியா? நல்லாச் சிரி. 1878-ல பாரீஸ் கண்காட்சியில அகஸ்டின் மூஷோன்னு ஒரு கணக்கு வாத்தியாரு, பெரிய கண்ணாடிக் கூம்பை வெயிலுக்குக் காட்டி ஐஸ்கட்டி எடுத்துக் காட்டினாரு. தங்கப் பதக்கமும் வாங்கினாரு. அப்புறம் நிலக்கரி மலிஞ்சுது, சர்க்காரு அவரைக் கைகழுவிட்டுது. உன்னய மாதிரி கணக்குப் பாக்குதவன் அப்பவும் இருந்திருக்கான்.

சூட்சுமம் ஒண்ணும் பெரிசில்ல. தண்ணி ஆவியாகணும்னா பக்கத்துல உள்ள சூட்டைப் பிடுங்கும். காத்தை முழுக்க உறிஞ்சி எடுத்த இரும்புத் தொட்டிக்குள்ள தண்ணிய விட்டா, 5 டிகிரியிலயே கொதிக்கும். கொதிக்கதுக்கு வேண்டிய சூட்டை, தொட்டிக்குள்ள ஓடுத குழாய்த் தண்ணிகிட்ட பறிச்சுக்கிடும். 12 டிகிரியில போன குழாய்த் தண்ணி 7 டிகிரியில திரும்பி வந்து உன் வார்டைக் குளிர வைக்கும். ஆனா தொட்டியில ஆவி நிறைஞ்சா கொதி நின்னு போகும்லா? அதுக்குத்தான் லித்தியம் புரோமைடுன்னு ஒரு உப்புக் கரைசலைப் பக்கத்துல வச்சிருக்கான். ஐப்பசி அடைமழையில உங்க அத்தை உப்புச் சாடி கசிஞ்சு கிடக்குமே, அந்தப் புத்திதான் இதுக்கும். வந்த ஆவியை எல்லாம் குடிச்சிரும்.

குடிச்சுக் குடிச்சு நீத்துப் போனா அதைக் காய்ச்சணும். அங்கதான் வெயிலுக்கு வேலை. மாடியில வெயில் சூட்டை வாங்குத தகடுல தண்ணி 80, 90 டிகிரிக்குச் சுட்டாப் போதும், உப்பு குடிச்சதை எல்லாம் கக்கிரும். கக்கின ஆவி குளிர்ந்து, தண்ணியாகி, முதல் தொட்டிக்குப் போகும். கெட்டியான கரைசல் மறுபடி குடிக்க வந்துரும். கம்ப்ரசரே கிடையாது. பம்பும் விசிறியும் ஓடுத அளவுக்குக் கரண்டு இருந்தாப் போதும்.

மாமா கதை விடுதாருன்னு நினைக்காதே. குஜராத்துல வடோதரா பக்கம் கோரஜ்னு ஒரு ஊரு. அங்க முனி சேவா ஆசிரமத்துல ஷெஃப்லர் தட்டுன்னு வெயிலைக் குவிக்குத கண்ணாடித் தட்டு 100 வச்சு, வெயில்ல நீராவி எடுத்து, 100 டன் அளவுக்குக் குளிர்ச்சி உண்டாக்கினாங்க. தட்டு சூரியன் பின்னாலயே திரும்பும், ஆனா வெளிச்சம் குவியுத இடம் மாறாது. உன் மேஸ்திரியை விட ஒழுங்கா வேலை பாக்கும். சிங்கப்பூர்ல தெம்பனிஸ்ல ஒரு சர்வதேசப் பள்ளிக்கூடம், ஏறக்குறைய 3,900 சதுர மீட்டருக்குத் தகடு பரப்பி வகுப்பைக் குளிர வச்சுது. பிள்ளைங்க குளிக்கதுக்கு வெந்நியும் அதுலதான். வெயில் ஏறுத நேரந்தான் குளிர்ச்சி தேவைப்படுத நேரம். ரெண்டும் கைகோத்து வரும்.

தாவி ஆர்டர் குடுத்திராதே. 10 பங்கு சூடு குடுத்தா 7 பங்கு குளிர்ச்சிதான் திரும்பும். தகடு பரப்ப மாடியில இடம் வேணும். வெளியேறுத சூட்டை ஆத்த கூலிங் டவரு வேணும், அது நெறைய தண்ணி குடிக்கும். ராத்திரிக்கு வெந்நித் தொட்டியும், மழைநாளைக்கு ஒரு பாய்லரும் வச்சுக்கிடணும். கைக்காசு முதல்லயே நெறைய இறங்கும். ரெண்டு ரூம்பு வீட்டுக்காரன் இதைத் தேடி அலைய வேண்டாம். சோலார் பேனல் இப்ப மலிஞ்சு போச்சு. அதை மாடியில போட்டு ஒரு இன்வெர்ட்டர் ஏ.சி.யை ஓட்டட்டும். உன்ன மாதிரி நாலு மாடி ஏத்துதவன், லாட்ஜுக்காரன், காலேஜுக்காரன் இவங்களுக்குத்தான் இந்தப் பாடு கட்டும். அதுலயும் ஆஸ்பத்திரின்னா மிச்ச வெந்நி துணி துவைக்கவும் ஆகும்.

ஆனா மருமவனே, முதல்ல மேக்க உள்ள கண்ணாடியைப் பாதியா குறை. சன்ஷேடை ரெண்டு முழம் நீட்டு. மொட்டை மாடிக்கு வெள்ளை அடி. அதுக்கு அப்புறமா எத்தனை டன் வேணும்னு இஞ்சினியரைக் கணக்குப் போடச் சொல்லு. உள்ள வந்த சூட்டை விரட்டுததை விட, வரவிடாம வாசல்ல நிப்பாட்டுததுக்குச் செலவு கம்மி.