ரிக்கார்டு சார்

பழைய பாட்டுப் பிரியர்கள் எல்லாரும் ஒரே ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. ராத்திரி பத்து மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு பி.பி. ஸ்ரீனிவாஸ் கேட்டுவிட்டு, காலையில் எழுந்து பல் தேய்த்து ஆபீஸ் போய்விடுகிற சாதுக்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் "இந்தக் காலத்துல இப்படி ஒரு பாட்டு வருமா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த பாட்டை அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. இவர்களால் குடும்பத்துக்கோ நாட்டுக்கோ தீங்கில்லை. ஊருக்கே தெரிந்த பாட்டென்றால் முகத்தைச் சுளித்து, யாருக்கும் நினைவில்லாத ஒரு பாட்டு மறுபடியும் இசைத்தட்டாக வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் பென்ஷன் பணத்தோடு கிளம்பிவிடுகிற ஆசாமிதான் ஆபத்தானவர். பேட்டைக்கு ஒருவராவது இருக்கிறார். "ரிக்கார்டு சார் வீடு எது?" என்று கேட்டால் இஸ்திரி வண்டிக்காரரே காட்டிவிடுவார்.

அவரிடம் முதன்முதலாகப் போகிறவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. "எனக்குப் 'பாசமலர்' பாட்டெல்லாம் ரொம்பப் பிடிக்கும் சார்" என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். பரிதாபப்படுவார். அது இன்னும் மோசம். அவருடைய கணக்கில் ஒரு பாட்டு உயர்ந்த பாட்டாக இருக்க முதல் தகுதி, படம் ஓடியிருக்கக் கூடாது. இரண்டாவது வாரமே பெட்டி திரும்பியிருந்தால் விசேஷம். இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தியாக இருந்தால் "அவங்களுக்கு என்ன குறைச்சல், விடுங்க" என்பார். வி. குமார், டி.ஆர். பாப்பா, வேதா என்று பேச்செடுத்தால் நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுக்காக வேதா எந்தெந்த இந்தி மெட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தார் என்பதற்கு அவரிடம் இரண்டு தட்டும் ஜோடியாக இருக்கின்றன, சம்பந்தி வீட்டாரை எதிரெதிரே உட்கார வைத்ததுபோல.

இந்த மதத்துக்கு ஒரு புனித நூல் இருந்தால் அது 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்'. நிமாய் கோஷ் இயக்கியது, எம்.பி. சீனிவாசனுக்கு முதல் படம், ஜெயகாந்தன் பாட்டு எழுதிய படம். படம் படுத்துவிட்டது, பாட்டு எழுந்து நின்றது. ரிக்கார்டு சாருக்கு இதில் ஒரே வருத்தம், அந்த ஜெயகாந்தன் பாட்டு கொஞ்சம் அதிகமாகவே பிரபலமாகிவிட்டது. "ரொம்பப் பேருக்குத் தெரிஞ்சுபோச்சு சார்" என்று, நல்ல பையன் கெட்ட சகவாசத்தில் சேர்ந்துவிட்டமாதிரி சொல்வார்.

45 சுற்று இ.பி. தட்டில் நாலு பாட்டு இருக்கும். இரண்டு பாட்டு ஊருக்கு, ஒன்று தயாரிப்பாளருக்கு, நாலாவது ரிக்கார்டு சாருக்கு. இலங்கைப் பொப் இசை பற்றிப் பேசும்போதும் இதே கதைதான். சிலோன் மனோகர் என்று நாம் அறிந்த ஏ.இ. மனோகரன் பெயரைச் சொன்னதும் 'சுராங்கனி' என்று நம் வாய் தானாக முணுமுணுக்கும். கையைக் காட்டி நிறுத்துவார். "அதைத்தான் கல்யாண வீட்டுல குழந்தைங்ககூடப் பாடுதே. அந்தத் தட்டோட பின்பக்கம் என்ன பாட்டு, அதைச் சொல்லுங்க." நமக்கு எங்கே தெரியும்? நமக்குத் தெரியாமல் இருப்பதில்தான் அவருக்குச் சந்தோஷம்.

இந்த வியாதிக்கு மூலம் இலங்கை வானொலி. 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஒதுங்கியது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது தாராளமாக வந்து இறங்கியது. பிறகு விவித பாரதி வந்தும் தமிழ்நாட்டு வீடுகள் இலங்கையை விடவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களைப் பெயர் சொல்லி வளர்ந்த தலைமுறை அது. சென்னையில் ஒரு வாரம்கூட ஓடாத படத்தின் பாட்டைக் கொழும்பில் சளைக்காமல் போட்டார்கள். சின்ன வயதில் ரிக்கார்டு சார் அப்படி ஒரு மத்தியானம் ஒரு பாட்டைக் கேட்டிருக்கிறார். பல்லவி நினைவிருக்கிறது. படத்தின் பெயரைச் சொல்லும் நேரம் பார்த்து அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அண்ணனைக் கேட்டால் "அப்படி ஒரு பாட்டே கிடையாதுடா" என்கிறார். அக்கா, "நீ கனவு கண்டிருப்பே." அம்மா, "வெயில்ல சுத்தாதேன்னு சொன்னேன்."

அவர் தட்டுத் தேடுவது பாட்டுக் கேட்பதற்காக என்று பொதுஜனம் நினைக்கிறது. அவருக்கு வேண்டியது சாட்சி. அந்தப் பாட்டு இருந்தது, நான் கேட்டது நிஜம் என்று அச்சில் ஒரு தாள், அதன்மேல் படத்தின் பெயர். தன்னிடம் தட்டு இல்லாத பாட்டுக்கு மறுபதிப்பு வந்துவிட்டால், அதை எடுத்துக்கொண்டு முதலில் போகிற இடம் அண்ணன் வீடு. அண்ணனுக்கு இப்போது காது கேட்பதில்லை. உறையைப் படிக்கச் சொல்லிவிட்டு வருவார்.

சாட்சி கிடைத்ததோடு விட்டால் நாமெல்லாம் பிழைத்தோம். குறுக்கு விசாரணை அதற்குப் பிறகுதான். புதுத் தட்டு வந்த அன்று அவர் வீட்டுக்குப் போகக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். முகச்சவர பிளேடால் மேலுறையின் ஒரு ஓரத்தை மட்டும் கீறுவார். கிழிக்கக் கூடாது, அந்த பிளாஸ்டிக்குக்கும் விலை உண்டாம். தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே விளிம்பால் பிடித்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குகிற வழவழப்பான இடத்தில் செல்போன் வெளிச்சத்தை அடிப்பார். அங்கே பொடி எழுத்தில் கீறியிருக்கும் எண்ணைப் பார்த்தால் எந்த மூலத்திலிருந்து வெட்டினார்கள் என்பது தெரிந்துவிடுமாம். "உம்" என்பார். நாம் எதுவும் கேட்கக் கூடாது. கார்பன் பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் துடைத்து, ஊசியை இறக்கிவிட்டு, பக்கத்திலிருக்கும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைப் போடுவார். முதல் வரி முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

"அரைக் கட்டை ஏத்தி வச்சிருக்கான் படுபாவி! ஜிக்கியம்மா எப்பய்யா இந்தச் சுருதியில பாடினாங்க?"

விஷயம் இல்லாமல் கத்தவில்லை. பழைய அரக்குத் தட்டு 78 சுற்று என்பதெல்லாம் பேருக்குத்தான். பதிவுக்குப் பதிவு வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மூல நாடா தொலைந்துபோய், எவரிடமோ இருந்த தட்டை ஓடவிட்டுப் படியெடுக்கும்போது வேகத்தைச் சரிபார்க்காவிட்டால் குரல் குழந்தையாகிவிடும், அல்லது சளி பிடித்துவிடும். இரைச்சலை எடுக்கிறேன் பேர்வழி என்று கம்ப்யூட்டரில் போட்டுச் சலித்தால் இரைச்சலோடு ஜால்ராவும் கஞ்சிராவும் சேர்ந்து போய்விடும். இந்த வகையில் அவர் கோபத்தில் பாதிக்கு நானும் பங்காளி. மீதிப் பாதி, இலங்கை வானொலி அலையின் கொரகொரப்பு தட்டில் இல்லையே என்பது. அதற்கு எந்தக் கம்பெனி என்ன செய்ய முடியும்?

அடுத்தது மூன்றாவது சரணம். பத்து அங்குல 78 தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பாட்டு கொள்ளும். படத்தில் ஐந்து நிமிஷம் ஓடுகிற பாட்டைத் தட்டுக்காக வெட்டிப் பாடுவார்கள். ஒரு சரணம் படத்தோடு நின்றுவிடும். படத்தின் பிரதி அழிந்துவிட்டால் அந்தச் சரணம் வைகுண்டம் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். ரிக்கார்டு சார்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேரன் பேத்தி சௌக்கியம் விசாரிப்பதில்லை. "அந்த மூணாவது சரணம் கிடைச்சுதா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

வீட்டம்மா பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். மறுபதிப்பு எல்.பி. ஒன்று 2,000, 3,000 ரூபாய்க்குக் குறைந்து வருவதில்லை. விலைச் சீட்டை ஆட்டோவிலேயே உரித்துவிட்டுத்தான் சார் வீட்டுக்குள் நுழைவார். "எவ்வளவுங்க இது?" "பழசுதானே, அறுபது ரூபா." பல வருஷம் இது ஓடியது. போன தீபாவளிக்கு அந்த அம்மாள் தி.நகரிலிருந்து அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவையோடு வந்து இறங்கினார். "எவ்வளவு?" என்றார் சார். "அறுபது ரூபாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு விலை பற்றி அந்த வீட்டில் பேச்சே இல்லை.

அப்பாவின் செலவைக் குறைக்கலாம் என்று மகள் 5,000 பாட்டு அடைத்த கார்வான் பெட்டி ஒன்றை வாங்கித் தந்தாள். இரண்டு நாள் பொத்தானைத் திருகித் திருகிப் பார்த்தார். "அஞ்சாயிரத்துல எனக்குத் தெரியாத பாட்டு ஒண்ணுகூட இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். இப்போது அது சமையலறையில் இருக்கிறது. அந்த அம்மாள் சந்தோஷமாக 'பாசமலர்' கேட்டுக்கொண்டு தோசை வார்க்கிறார்.

தட்டு கிடைக்கும் இடங்களும் குறைந்துவிட்டன. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்ததைப் பற்றி அவர் பேசும்போது கேட்கிறவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பிறகு அல்லிக்குளம் வளாகம், அங்கிருந்து கிராமத்து மைக்செட்காரர்கள். ஒரு காலத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டோடு தொடங்கிய அதே மைக்செட்டுகள். ஒரே ஊசியால் ஊர்த் திருவிழாக்கள் அத்தனையையும் ஓட்டியவர்கள் என்பதால், அவர்களிடம் கிடைக்கும் தட்டில் பாட்டைவிட மழைச் சத்தம் அதிகம். இருந்தாலும் வாங்குவார். இந்தத் தேடல் ஒருவழிப் பாதையும் அல்ல. கல்கத்தாவின் டம்டம் இசைத்தட்டு ஆலையில் 1960களின் நடுவில்கூட பீட்டில்ஸ் பாட்டை 78 சுற்று அரக்குத் தட்டில் அடித்திருக்கிறார்கள். மேலைநாட்டில் அந்த ரகம் அதற்குள் வழக்கொழிந்துவிட்டதால், இன்று அங்கேயுள்ள ரிக்கார்டு சார்கள் அதற்காக இந்தியாவைத் துழாவுகிறார்கள். நம்மவர் பதிலுக்கு அங்கே துழாவுகிறார். 1977 முதல் 1983 வரை இளையராஜா போட்ட எலக்ட்ரானிக் சத்தங்களைத் தொகுத்து, 'சொல்லச் சொல்ல' என்று பெயர் வைத்து, பைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி ஒரு மறுபதிப்பு கொண்டுவந்தது. கோடம்பாக்கத்தில் பிறந்த பாட்டைச் சார் பவுண்டில் பணம் கட்டி, சுங்கமும் செலுத்தி, கோடம்பாக்கம் மேம்பாலம் வழியாக வீட்டுக்கு எடுத்துவந்தார். "வெள்ளைக்காரனுக்குத் தெரியுது பாருங்க" என்றார். பெருமையா, எரிச்சலா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

சமீபத்தில்தான் பெரிய கூத்து நடந்தது. பெயர் வேண்டாம், ஒரு கம்பெனி ஐம்பதுகளின் மறந்துபோன பாட்டுகளைத் தொகுத்து எல்.பி. போட்டது. அதில் மருதகாசி எழுதிய பாட்டுக்குக் கண்ணதாசன் பெயரை அச்சடித்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் இது புதிதல்ல. நல்ல பழைய பாட்டு என்றால் கண்ணதாசன், தத்துவம் என்றால் பட்டுக்கோட்டை, மற்ற கவிஞர்களெல்லாம் சும்மா வந்து காபி குடித்துவிட்டுப் போனவர்கள் என்றுதான் ஊர் நம்புகிறது. சார் நம்பவில்லை. உறையில் அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் "பிழை! மருதகாசி!!" என்று எழுதி, நாலு பக்கக் கடிதத்தோடு தட்டையே கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். "மேற்படி பிழையைத் தாங்கள் உடனடியாகத் திருத்தாவிடில்" என்று முடியும் அந்தக் கடிதத்தை எனக்குப் படித்தும் காட்டினார்.

ஆச்சரியம், கம்பெனி பதில் போட்டது. அடுத்த அச்சில் உறையைத் திருத்தி, புதுத் தட்டு ஒன்றையும் இலவசமாக அனுப்பிவைத்தது. தெருவில் ஒரு வாரம் அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். பதில் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து மருந்துக் கடைக்காரரிடம்கூட ஒரு பிரதி கொடுத்தார்.

போன மாதம் தட்டுக் கடைக்காரர் போன் செய்தார். "சார், அந்த எல்.பி.யில கண்ணதாசன் கவர் ஒண்ணு வந்திருக்கு. முதல் அச்சு. கொஞ்சம்தான் வெளிய வந்துச்சாம், அதுக்குள்ள திருத்திட்டாங்க. இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. மருதகாசி கவரை யாரும் சீந்தறதில்லை."

சார் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்ததைப் பிரித்து மேசைமேல் வைத்தார். விலை பழைய விலைக்கு மும்மடங்கு. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உறையைத் திருப்பினார். பென்சில் அடிக்கோடு. ஓரத்தில் இரண்டு ஆச்சரியக்குறியோடு அவருடைய கையெழுத்து.

"இது என்னப்பா, யாரோ கிறுக்கி வச்சிருக்கான். விலையைக் குறைச்சுக்கோ" என்றார், குரல் நடுங்காமல்.

"கிறுக்கலா? யாரோ விஷயம் தெரிஞ்ச பெரியவர் எழுதின குறிப்பு சார் அது" என்றார் கடைக்காரர். "அதுக்குத் தனியா ஐந்நூறு."